முட்டையை விழிக்க வைக்கும் கால்சியம்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குச் செல்பவர்கள் மலையடிவாரத்தில் கோமுகி அணையைப் பார்த்திருப்பார்கள். மலையில் நல்ல மழை பெய்தால் ஓடைகள் பெருகி அணைக்கு நீர் வரும். மழை பிடித்த முதல் இரவிலேயே சுற்றுப்புறக் குட்டைகளிலும் வயல்களிலும் தவளைகள் கத்தத் தொடங்கிவிடும். மறுநாள் காலையில் அந்தக் குட்டைகளில், கண்ணாடி போன்ற வழவழப்பான கூழில் கரும்புள்ளிகள் பதித்தாற்போலத் தவளை முட்டைகள் கிடப்பதைக் காணலாம். இன்னும் சில நாட்களில் அவை தலைப்பிரட்டைகளாகி நீந்தும்.

இதே பகுதி ஏரிகளில் வளர்க்கப்படும் கட்லா, ரோகு, மிர்கால் மீன்களின் கதை வேறு. பருவம் வந்த பெண் மீனின் வயிறு நிறையச் சினை இருக்கும். ஆனால் தேங்கிய நீரில் அவை முட்டையிடுவதில்லை. ஏரியைக் குத்தகைக்கு எடுப்பவர்கள் ஆண்டுதோறும் மீன்குஞ்சுகளை வெளியிலிருந்து வாங்கி விடவேண்டியிருக்கிறது. வயிற்றில் இலட்சக்கணக்கான முட்டைகள் இருந்தும் ஒரு குஞ்சுகூடப் பிறக்கவில்லை என்றால் அந்த முட்டைகளுக்கு என்ன குறை?

குறை ஒன்றுமில்லை, அவை இன்னும் பக்குவமடையவில்லை, அவ்வளவுதான். முட்டை பெரிதாக வளர்வது வேறு, பக்குவமடைவது வேறு. இந்த வேறுபாட்டின் பின்னால் கால்சியம் என்னும் எளிய தனிமம் ஒளிந்திருக்கிறது. இயற்பியல் ஆசிரியனுக்கு மீன்முட்டையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நீர்த்தேக்கம், மதகு, பம்பு, அலை, மின்னழுத்தம் எல்லாம் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள முட்டைக்குள் இருப்பதால், இயற்பியல் படித்தவனுக்கும் இதில் நிறைய வேலை இருக்கிறது.

அங்குலில் நடந்த சோதனை

நம் நாட்டுப் பெருங்கெண்டை மீன்கள், பருவமழையில் ஆறு பெருக்கெடுக்கும் காலத்தில் புதுவெள்ளத்தில் முட்டையிடும் இயல்புடையவை. முன்பெல்லாம் மீன் வளர்ப்போர் ஆற்று வெள்ளத்தில் வலை கட்டிக் குஞ்சுகளைச் சேகரித்தார்கள். அதில் தேவையான மீனும் வரும், தேவையற்ற மீனும் வரும்.

1957-ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று, ஒடிசாவிலுள்ள அங்குல் என்னும் ஊரில், ஹிராலால் சௌத்ரி என்ற மீனியல் அறிஞர் இதற்கு ஒரு வழி கண்டார். அலிகுஞ்ஞி என்ற அறிஞரும் இப்பணியில் உடனிருந்தவர். மூளையின் அடிப்புறத்தில் கடுகளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியை மற்ற மீன்களின் தலையிலிருந்து எடுத்து, அரைத்து, அதன் சாற்றைச் சினை மீனுக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். ஆற்று வெள்ளமே இல்லாமல் மீன் முட்டையிட்டது. அந்த நாளின் நினைவாகவே நம் நாட்டில் ஜூலை 10 தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. இன்று சுரப்பிச் சாற்றுக்குப் பதிலாகச் செயற்கை ஹார்மோன்களையே பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். நம் ஊர் ஏரியில் விடப்படும் குஞ்சுகள் பெரும்பாலும் இம்முறையில் பிறந்தவைதாம்.

ஊசியில் சென்ற ஹார்மோன் நேரடியாக முட்டையைத் தொடுவதில்லை. அது முட்டையைச் சூழ்ந்துள்ள செல்களைத் தூண்டுகிறது. அச்செல்கள் வேறொரு ஹார்மோனைச் சுரக்கின்றன. அதுவே முட்டைக்குக் கடைசிச் செய்தியைக் கொண்டு செல்கிறது. தவளையில் அந்த வேலையைப் புரோஜெஸ்டிரோன் போன்ற ஸ்டீராய்டு ஹார்மோன்கள் செய்கின்றன. நட்சத்திர மீனில் அது ஒரு மிக எளிய பொருள் என்பதை 1969-இல் கனதானி என்ற ஜப்பானிய அறிஞர் கண்டுபிடித்தார்.

இரண்டு பூட்டுகள்

உடலின் மற்றச் செல்களில் குரோமோசோம்கள் இரட்டையாக உள்ளன. மனிதனில் அவை 46. முட்டையிலும் விந்தணுவிலும் பாதி, அதாவது 23 இருந்தால்தான் இரண்டும் சேரும்போது கணக்குச் சரியாகும். ஆகவே முட்டை தன் குரோமோசோம்களைப் பாதியாக்க ஒரு சிறப்பான பிரிவை நடத்தவேண்டும். இதற்குக் குன்றல் பிரிவு என்று பெயர்.

வியப்பு என்னவென்றால், முட்டை இந்தப் பிரிவைத் தொடங்கிய உடனேயே நின்றுவிடுகிறது. பெண் குழந்தையின் முட்டைகள் தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி, பிரிவைத் தொடங்கி, அந்த நிலையிலேயே உறைந்துவிடுகின்றன. நாற்பது வயதில் ஒரு பெண் கருவுற்றால், அந்த முட்டை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது என்று பொருள். இது முதல் பூட்டு. ஹார்மோன் வந்து இந்தப் பூட்டைத் திறக்கிறது. முட்டையின் பெரிய உட்கரு தன் உறையை இழந்து கரைகிறது. பிரிவு மேலே நடக்கிறது. இதையே முட்டை பக்குவமடைதல் என்கிறோம்.

ஆனால் பயணம் முடிவதற்குள் தவளை, மீன், மனிதன் ஆகியவற்றின் முட்டை மீண்டும் ஒருமுறை நின்றுவிடுகிறது. இது இரண்டாம் பூட்டு. இதைத் திறக்கும் சாவி ஹார்மோன் அன்று; முட்டைக்குள் திடீரென உயரும் கால்சியம். முதல் பூட்டுக்கும் இரண்டாம் பூட்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில், வரப்போகும் அந்தக் கால்சிய எழுச்சிக்கு ஏற்றவாறு முட்டை தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்கிறது. அந்த மாற்றத்தைப் பார்க்குமுன் கால்சியத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம்.

சுண்ணாம்பும் செல்லும்

கால்சியம் என்றவுடன் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும், பொங்கலுக்கு அடிக்கும் வெள்ளையும், எலும்பும் முட்டை ஓடும் நினைவுக்கு வரும். இவையெல்லாம் கெட்டியான கால்சியம். நீரில் கரைந்த கால்சிய அயனிகளுக்கும் உயிருக்கும் தொடர்பு உண்டு என்பது 1883-இல் தெரியவந்தது. இலண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் தவளை இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைத்திருந்தார். அக்கரைசல் காய்ச்சி வடித்த நீரில் தயாரித்தது என்பது அவர் எண்ணம். ஆனால் அது குழாய் நீரில் தயாரானது எனப் பின்னர் தெரிந்தது. உண்மையாகவே வடித்த நீரைப் பயன்படுத்தியபோது இதயம் விரைவில் நின்றுவிட்டது. குழாய் நீரில் இருந்த சிறிதளவு கால்சியமே இதயத்தைத் துடிக்க வைத்தது!

நம் இரத்தத்தில் கட்டற்ற கால்சிய அயனி ஒரு லிட்டருக்குச் சுமார் ஒரு மில்லிமோல் உள்ளது. ஆனால் செல்லின் உட்பகுதியில் அது ஒரு மில்லிமோலில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். மெல்லிய ஒரு சவ்வுக்கு இருபுறமும் 10,000 மடங்கு வேறுபாடு! ஏன் இப்படி? செல்லின் ஆற்றல் நாணயம் பாஸ்பேட்டைக் கொண்டது. கால்சியமும் பாஸ்பேட்டும் அதிக அளவில் சேர்ந்தால் கரையாத படிவாகிவிடும். எலும்பே ஒருவகைக் கால்சியம் பாஸ்பேட்தானே. செல் கல்லாகாமல் இருக்கக் கால்சியத்தை ஓயாமல் வெளியேற்றியாக வேண்டும். இதற்கெனச் சவ்வில் புரதப் பம்புகள் உள்ளன.

வெளியேற்றும் பம்புகளோடு, செல்லினுள்ளேயே ஒரு சேமிப்புக் கிடங்கும் இருக்கிறது. எண்டோபிளாச வலை எனப்படும் சவ்வுப்பைகளின் தொகுதி அது. அதற்குள் கால்சியத்தை இறைத்து அடைக்கும் பம்புகள் தனியே உண்டு. எங்கும் அமைதியாக இருக்கும் இடத்தில் ஒரு சிறு ஒலியும் நன்றாகக் கேட்பதைப்போல, கால்சியம் மிகக் குறைவாக உள்ள செல்லில் சிறிதளவு கால்சியம் நுழைந்தாலும் அது தெளிவான செய்தியாகிவிடுகிறது. தசை சுருங்குவதும், நரம்புமுனை வேதிப்பொருளை விடுவிப்பதும், முட்டை விழிப்பதும் இந்தச் செய்தியால்தான்.

ஜெல்லிமீன் கொடுத்த விளக்கு

முட்டைக்குள் கால்சியம் உயர்வதை எப்படிக் கண்ணால் காண்பது? இதற்கு உதவியது ஒரு கடல் ஜெல்லிமீன். 1961-ஆம் ஆண்டுக் கோடையில் ஒசாமு ஷிமோமுரா என்ற ஜப்பானிய வேதியியலார், அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் உள்ள ஃபிரைடே ஹார்பரில் ஒளிரும் ஜெல்லிமீன்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு நாள் தம் கரைசலை அவர் கழுவு தொட்டியில் கொட்டியபோது தொட்டி பளிச்சென நீல ஒளி வீசியது. மீன் தொட்டிகளிலிருந்து வழிந்த கடல்நீர் அங்குக் கலந்திருந்தது. கடல்நீரிலுள்ள கால்சியமே ஒளிக்குக் காரணம் என்று அவர் கண்டுகொண்டார். ஈக்குவோரின் என்னும் அந்தப் புரதம் கால்சியம் பட்டால் ஒளிரும். அதே ஜெல்லிமீனிலிருந்து கிடைத்த பச்சை ஒளிர்புரதத்துக்காக அவருக்கு 2008-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

1977-இல் ரிட்ஜ்வே, கில்கி, ஜாஃபே ஆகிய மூவர் இந்த ஒளிர்புரதத்தை மெடாக்கா மீனின் முட்டைக்குள் செலுத்தினார்கள். மெடாக்கா ஜப்பானிய நெல்வயல்களில் வாழும் சிறு மீன். விந்தணு நுழைந்ததும் முட்டை சட்டென ஒளிர்ந்தது. அமைதியாக இருக்கும் முட்டையோடு ஒப்பிட்டால் அந்த ஒளி பல ஆயிரம் மடங்கு! மேலும் நுணுகிப் பார்த்தபோது, விந்தணு நுழைந்த முனையில் தொடங்கிய ஒளி ஒரு வளையமாக முட்டையைச் சுற்றி ஓடி எதிர் முனையில் முடிவது தெரிந்தது. அதாவது, முட்டைக்குள் ஒரு கால்சிய அலை ஓடுகிறது.

ஒரு சிறு கணக்கு

இங்கே மாணவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சொட்டு மையை நீரில் விட்டால் அது தானாகப் பரவுகிறதல்லவா? அதற்கு விரவுதல் என்று பெயர். விரவுதலில் தொலைவு இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். நேரம் என்பது தொலைவின் வர்க்கத்தை, விரவல் எண்ணின் இரு மடங்கால் வகுத்த ஈவு.

செல்லுக்குள் கால்சியம் வழியெல்லாம் புரதங்களில் ஒட்டிக்கொண்டும் விடுபட்டும் நகர்வதால் அதன் விரவல் எண் மிகக் குறைவு. நொடிக்குச் சுமார் 20 சதுர மைக்ரோமீட்டர் என்று கொள்ளலாம். ஒரு மில்லிமீட்டர், அதாவது 1,000 மைக்ரோமீட்டர் தொலைவைக் கடக்க எவ்வளவு நேரமாகும்? 1,000-இன் வர்க்கம் 10 இலட்சம். அதை 40-ஆல் வகுத்தால் 25,000 நொடி. ஏறத்தாழ 7 மணி நேரம்!

ஆனால் அலையின் வேகம் நொடிக்குச் சுமார் 10 மைக்ரோமீட்டர். அதே ஒரு மில்லிமீட்டரை அது 100 நொடியில் கடந்துவிடுகிறது. ஆகவே, முட்டைக்குள் நுழைந்த கால்சியம் தானே நடந்து மறுமுனைக்குப் போகவில்லை என்பது உறுதி. பிறகு ஓடுவது எது?

காட்டுத் தீயும் கால்சிய அலையும்

கோடைக்காலத்தில் கல்வராயன் மலைச்சரிவுகளில் காய்ந்த புல்லில் தீப்பிடித்தால் அது ஒரு கோடாக மேலேறுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே எரியும் புல் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு நகர்வதில்லை. ஒவ்வொரு புல்லும் தான் நிற்கும் இடத்திலேயே எரிந்து, பக்கத்துப் புல்லுக்கு வெப்பத்தைக் கொடுக்கிறது. நகர்வது தீயின் முகப்பு மட்டுமே.

கால்சிய அலையும் இப்படித்தான். சேமிப்புக் கிடங்கின் சுவரில் மதகுகள் போன்ற புரதங்கள் உள்ளன. இனாசிட்டால் டிரைபாஸ்பேட் என்னும் சிறு மூலக்கூறு அவற்றில் அமர்ந்தால் அவை திறக்கும் நிலைக்கு வருகின்றன. இம்மூலக்கூறு கால்சியத்தை விடுவிக்கும் செய்தியாளர் என்பதை 1983-இல் பெரிட்ஜும் அவருடைய கூட்டாளிகளும் காட்டினார்கள். திறந்த மதகிலிருந்து வெளிவரும் கால்சியம் அடுத்த மதகைத் தட்டித் திறக்கிறது. அதிலிருந்து வரும் கால்சியம் அதற்கடுத்ததை. இவ்வாறு தீ பரவுவதைப்போல அலை ஓடுகிறது.

எரிந்துபோன புல்லில் உடனே மீண்டும் தீப்பிடிக்காது. அதேபோல, கால்சியம் மிக அதிகமானால் மதகு தானே மூடிக்கொண்டு சிறிது நேரம் திறக்க மறுக்கிறது. இரண்டு தீக்கோடுகள் எதிரெதிரே வந்து சந்தித்தால் இரண்டும் அணைந்துவிடுமல்லவா? மேலே எரிய எதுவும் மிச்சமில்லை. 1991-இல் லெக்லைட்டர், கிளாப்பம் ஆகியோர் ஆப்பிரிக்க நகத்தவளையின் முட்டைச் செல்லில் இரண்டு கால்சிய அலைகள் மோதி அழிவதையும், சில அலைகள் சக்கரப் புகைபோலச் சுருள் வடிவில் சுற்றுவதையும் நேரில் படம் பிடித்தார்கள். ஒலி அலைகள் ஒன்றையொன்று ஊடுருவிச் செல்லும். இந்த அலைகள் அவ்வாறு செல்வதில்லை. இது வேறு இனத்து அலை.

பக்குவமாகும்போது என்ன மாறுகிறது?

இந்தச் சுருள் அலைகளைக் காட்டிய செல்கள் பக்குவமடையாதவை என்பதைக் கவனிக்க வேண்டும். அவற்றில் அலைகள் எழுந்து, விரைவில் அடங்கி, மீண்டும் எழுகின்றன. பக்குவமடைந்த தவளை முட்டையிலோ ஒரே ஓர் அலை, நிதானமாக, முட்டை முழுவதையும் அடைத்துக்கொண்டு செல்கிறது. சென்ற இடத்தில் பல நிமிடங்கள் நிலைத்தும் நிற்கிறது. ஒரே செல், ஒரே கால்சியம், ஆனால் செய்தி வேறு. இந்த வேறுபாடு எப்படி வந்தது?

கோமுகி அணையையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அணையில் நீர் எவ்வளவு நேரம், எவ்வளவு தொலைவு பாயும் என்பது நான்கு காரணங்களைப் பொறுத்தது: தேக்கம் எங்கே, எவ்வளவு இருக்கிறது, மதகு எவ்வளவு எளிதில் திறக்கிறது, பாய்ந்த நீர் எவ்வளவு விரைவில் வடிகிறது, புதிய நீர்வரத்து இருக்கிறதா. பக்குவமடையும் முட்டை இந்த நான்கையும் திருத்தி அமைக்கிறது.

முதலாவது, தேக்கம். முட்டை பக்குவமடையும்போது எண்டோபிளாச வலை இடம் மாறுகிறது. சுண்டெலியின் முட்டையில், வலையின் பகுதிகள் மேற்பரப்புக்கு அடியில் சிறுசிறு கொத்துகளாகக் கூடுவதை 1990-களில் கண்டார்கள். விந்தணு வந்து சேரும் இடத்துக்கு அருகிலேயே கால்சியம் தயாராக வைக்கப்படுகிறது. சேமிப்பின் அளவும் கூடுகிறது.

இரண்டாவது, மதகு. அதே அளவு இனாசிட்டால் டிரைபாஸ்பேட்டைச் செலுத்தினால், பக்குவமடையாத முட்டை குறைந்த கால்சியத்தையும் பக்குவமடைந்த முட்டை மிகுந்த கால்சியத்தையும் விடுவிக்கிறது. நட்சத்திர மீன், சுண்டெலி, தவளை மூன்றிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். முன்பு கையால் சுழற்றியும் அசையாத மதகுச் சக்கரத்துக்கு மசகு போட்டதைப்போல என்று கொள்ளலாம். மதகுப் புரதத்தில் பாஸ்பேட் தொகுதிகள் சேர்வது இதற்கு ஒரு காரணம்.

மூன்றாவது, வடிகால். தவளை முட்டையில் கால்சியத்தை வெளியே தள்ளும் பம்புகள் மேற்பரப்புச் சவ்வில் உள்ளன. பக்குவமடையும்போது இப்பம்புகள் சவ்விலிருந்து கழன்று, சிறு பைகளில் ஏறி உள்ளே போய்விடுகின்றன. வடிகாலை அடைத்த வயலில் நீர் நிற்பதைப்போல, எழுந்த கால்சியம் வெளியே போக வழியின்றி நீண்ட நேரம் நிற்கிறது. அலை நிதானமாகவும் நிலைத்தும் இருப்பதன் மர்மம் இதுதான்.

நான்காவது, நீர்வரத்து. சாதாரணச் செல்லில் சேமிப்புக் குறைந்தால் வெளியிலிருந்து கால்சியத்தை உள்ளே விடும் கதவு ஒன்று திறக்கும். தவளை முட்டையில் உட்கரு உறை கரையும் வேளையில் இந்தக் கதவு செயலிழந்துவிடுகிறது என்று 2000-ஆம் ஆண்டில் தெரிந்தது. எதற்காக? காலம் வருமுன் தற்செயலாகச் சிறிது கால்சியம் கசிந்தாலும் முட்டை விந்தணு இல்லாமலே விழித்துவிடக்கூடும். பொய்யாக விழித்த முட்டை வீணாகும். ஆகவே விந்தணுவின் அழைப்பைத் தவிர வேறெதற்கும் விழிக்காதபடி முட்டை வாயிலைச் சாத்திக்கொள்கிறது போலும்.

முட்டையைப் பொய்யாக விழிக்கச் செய்ய முடியும் என்பதற்குப் பழைய சான்று உண்டு. 1910-இல் பத்தேயோன் என்ற பிரெஞ்சு அறிஞர், இரத்தம் தோய்ந்த நுண்ணூசியால் தவளை முட்டையைக் குத்தி, தந்தையில்லாத தலைப்பிரட்டைகளை உண்டாக்கிக் காட்டினார். ஊசிமுனை சவ்வைத் துளைத்தபோது கால்சியம் எழுந்தது என்பதை நாம் இன்று அறிகிறோம்.

அலை செய்யும் வேலைகள்

இவ்வளவு ஏற்பாட்டோடு ஓடும் அலை என்ன செய்கிறது? முதல் வேலை, கதவை மூடுவது. ஒரு முட்டைக்கு ஒரு விந்தணுதான் தேவை. இரண்டு நுழைந்தால் குரோமோசோம் கணக்குப் பிழைத்துக் கரு அழிந்துவிடும். தவளை முட்டையில் கால்சியம் உயர்ந்ததும் குளோரைடு அயனிகள் வெளியேறும் வழிகள் திறக்கின்றன. எதிர் மின்சுமை வெளியேறுவதால் முட்டையின் உட்புற மின்னழுத்தம் எதிர்க்குறியிலிருந்து நேர்க்குறிக்கு மாறுகிறது. அந்த மின்னழுத்தத்தில் இரண்டாம் விந்தணு இணைய முடிவதில்லை. இது நொடிக்கணக்கில் விழும் தாழ்ப்பாள்.

தாழ்ப்பாள் நிலையானதன்று, ஆகவே பின்னாலேயே சுவர் எழுப்பப்படுகிறது. முட்டையின் விளிம்பில் காத்திருக்கும் ஆயிரக்கணக்கான நுண்பைகள், கால்சிய அலை வந்து தொட்டவுடன் உடைந்து தம் பொருளை வெளியே கொட்டுகின்றன. முட்டையின் உறை மேலெழும்பிக் கெட்டியாகிறது. பக்குவமடையாத நட்சத்திர மீன் முட்டையில் விந்தணுக்களை விட்டால் பல விந்தணுக்கள் நுழைந்துவிடுகின்றன. கால்சிய ஏற்பாடு முடியாத முட்டையால் கதவை மூட முடிவதில்லை.

இரண்டாம் வேலை, முன்னே சொன்ன இரண்டாம் பூட்டைத் திறப்பது. உயர்ந்த கால்சியம் ஒரு நொதியைத் தூண்டுகிறது. அது பிரிவை நிறுத்தி வைத்திருந்த புரதத்தை அழிக்க வழிசெய்கிறது. முட்டை தன் பிரிவை முடித்து, கருவாக வளரத் தொடங்குகிறது.

மீன் பண்ணையில் வேலை செய்பவர்கள் இதன் பயனை அறிந்தே இருக்கிறார்கள். கெண்டை மீன் முட்டை நீர் பட்டாலே விழித்துக்கொள்ளும். விந்தணு நுழையவேண்டிய ஒரே சிறுதுளையும் விரைவில் பயனற்றுப்போகும். அதனால் மீனை அமுக்கி முட்டை எடுப்பவர்கள், பாத்திரத்தை உலர்த்தி, முதலில் விந்துநீரைக் கலந்து, பிறகே நீர் விடுகிறார்கள். பக்குவத்துக்கு முன் எடுத்த முட்டையும், பக்குவம் கடந்து கிடந்த முட்டையும் பொரிப்பதில்லை.

குறை யாரிடம்?

பாலூட்டிகளின் முட்டையில் கால்சியம் ஒருமுறை எழுந்து ஓய்வதில்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்தடங்கி, பல மணி நேரம் நாடித் துடிப்பைப்போலத் தொடர்கிறது. இந்தத் துடிப்பைத் தொடங்கி வைப்பது எது? 2002-இல் பிரிட்டனின் கார்டிஃப் நகர ஆய்வாளர்கள் அதற்கு விடை கண்டார்கள். விந்தணு தன்னோடு பாஸ்போலிப்பேஸ் சி-சீட்டா என்னும் நொதியைக் கொண்டுவருகிறது. அது முட்டைக்குள் கரைந்து இனாசிட்டால் டிரைபாஸ்பேட்டை உண்டாக்க, மதகுகள் திறக்கின்றன. 2008-இல், இந்நொதி இல்லாத மனித விந்தணுக்கள் முட்டையில் கால்சியத்தை எழுப்ப முடியாமல் தோற்பதாக ஆய்வு ஒன்று காட்டியது.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். விந்தணுக்களின் எண்ணிக்கை சரியாக இருக்கலாம். நுண்ணோக்கியில் அவை நன்றாக நீந்தலாம். 1992 முதல் நடைமுறைக்கு வந்த ஊசிமுறையில் ஒரு விந்தணுவை நேரடியாக முட்டைக்குள் செலுத்தியும் பார்க்கலாம். இருந்தும் முட்டை விழிப்பதில்லை. காரணம் முட்டையில் இல்லை. விந்தணு கொண்டுவர வேண்டிய நொதியில் இருக்கிறது. இத்தகைய தம்பதிகளுக்கு, கால்சியத்தை உள்ளே விடும் மருந்துப் பொருளில் முட்டையைச் சிறிது நேரம் வைத்து விழிக்கச் செய்யும் முறையைச் சில மருத்துவமனைகள் கையாளுகின்றன. அதனால் குழந்தைகளும் பிறந்திருக்கின்றன. எல்லாக் குழந்தையின்மைக்கும் இது மருந்தன்று. வேறு காரணங்கள் நீங்கிய பிறகு, இந்தக் குறைக்கு மட்டுமே பொருந்தும்.

வேறு சிலரில் குறை பக்குவமடையாத முட்டையில் இருக்கலாம். வேறு சிலரில் கருக்குழாயிலோ கருப்பையிலோ இருக்கலாம். ஆனால் நம் ஊர்களில் திருமணமாகி மூன்று ஆண்டுகள் குழந்தை இல்லையென்றால், சோதனை எதுவும் செய்யாமலே பெண்ணைச் சொல்லால் சுடுவதும், மகனுக்கு வேறு பெண் பார்ப்பதும் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு நொதியின் குறை ஆணிடம் இருக்க, பழியை மட்டும் பெண் சுமக்கிறாள். குழந்தை இல்லையென்றால் கணவன், மனைவி இருவரையும் ஒன்றாகவே மருத்துவர் சோதிக்கவேண்டும் என்பது விஞ்ஞானம் சொல்லும் எளிய முறை.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துவிடலாம். கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் முட்டை நன்றாக விழிக்குமா? விழிக்காது. இரத்தத்தின் கால்சிய அளவை உடல் ஒரே சீராக வைத்துக்கொள்கிறது. முட்டையை எழுப்பும் கால்சியம் முட்டையின் சொந்தக் கிடங்கிலிருந்து வருவது. கருவுற்ற பெண்களுக்கு மருத்துவர்கள் கால்சியம் மாத்திரை கொடுப்பது தாயின் நலத்துக்காகவும் குழந்தையின் எலும்பு வளர்ச்சிக்காகவும். அதை அவர்கள் சொன்ன அளவில் தவறாமல் சாப்பிடவேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு சொல்

அடுத்த மழைக்காலத்தில், புதிதாக இட்ட தவளை முட்டைகளைக் கண்டால் குட்டையின் கரையிலிருந்தே உற்றுப் பாருங்கள். தவளையைப் பிடிக்கவும் வேண்டாம், முட்டையை அள்ளவும் வேண்டாம். தவளைக்கால் ஏற்றுமதியை நம் அரசு 1987-இல் தடை செய்ததே, பூச்சிகளைத் தின்று வயலைக் காக்கும் தவளைகள் குறைந்து வந்ததால்தான். முட்டையின் ஒரு பாதி கருமையாகவும் மறு பாதி வெளிறியும் இருக்கும். கருவுற்றுச் சிறிது நேரத்தில், முட்டைகளின் கரும்பாதி மேல்நோக்கித் திரும்பும். உறை மேலெழும்பி முட்டை தன் கூட்டுக்குள் தாராளமாக உருள இடம் கிடைத்ததால், கனமான மஞ்சட்கருப் பாதி புவியீர்ப்பால் கீழே போகிறது. கருமை மேலே தெரிந்தால், அந்த முட்டைக்குள் கால்சிய அலை ஓடி முடிந்துவிட்டது என்று நீங்கள் துணிந்து சொல்லலாம். அதைத் தெரிந்துகொள்ள ஜெல்லிமீன் விளக்கும் தேவையில்லை, நுண்ணோக்கியும் தேவையில்லை.